யாரும் நடாத மரம்

சென்னையில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் அண்ணாந்து பார்த்தபடி நடப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருமுறையாவது தோன்றியிருக்கும். மூன்றாவது மாடியில், சன்ஷேடுக்கு அடியில், கழிவுநீர்க் குழாய் வளையும் இடத்தில் ஓர் அரசங்கன்று நிற்கிறது. மண் இல்லை. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. தார்ச்சாலையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத சித்திரை வெயிலிலும் அதன் இலைகள் பச்சையாகவே அசைகின்றன. அதே வீட்டு வாசலில், தொட்டியில் உரம் போட்டு இரண்டு வேளையும் தண்ணீர் விட்டு வளர்க்கிற ரோஜா வாடிக் கிடக்கிறது. மேலே நிற்பது மட்டும் எப்படிப் பிழைக்கிறது? அதை அங்கே கொண்டுபோய் வைத்தது யார்?

'பறவை எச்சம்' என்று பள்ளியிலேயே பதில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பதில் சரிதான். ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. காகமும் குயிலும் வேப்பம்பழத்தையும்தான் தின்கின்றன. மூன்றாவது மாடியில் வேப்பமரம் முளைத்து யாராவது பார்த்ததுண்டா? சுவரில் காலூன்றுவது பெரும்பாலும் அரசு, ஆல், இச்சி, எங்காவது அத்தி. நான்கும் ஒரே குடும்பம். ஃபைக்கஸ் என்று தாவரவியலர்கள் அழைக்கும் பேரினம்; உலகெங்கும் 750-க்கு மேற்பட்ட இனங்கள் கொண்டது. இந்தக் குடும்பத்துக்கு மட்டும் சுவர் ஏன் வசப்படுகிறது என்பதுதான் உண்மையான புதிர்.

இதை அவிழ்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம். ஒரே ஒரு கன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, தெருவில் நின்று பொறுமையாகப் பார்த்தால் போதும்.

ஒரு கன்று, ஒரு சுவர்

நான் பார்த்துவரும் கன்று திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில் இருக்கிறது. வீடு பழையது. கீழ்த்தளம் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. மேல் மாடிகள் பிற்பாடு சிமென்டில் எழும்பியவை. கன்று நிற்பது மூன்றாவது மாடிக் குளியலறைக்கு வெளியே, குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புக் கிளாம்புக்குச் சற்று மேலே. முழங்கை நீளம்கூட இருக்காது. அடித்தண்டு மட்டும் உயரத்துக்குப் பொருந்தாத பருமனில் புடைத்திருக்கிறது. கொழுந்து இலைகள் செம்பு நிறத்தில் மினுங்கும். வாரங்கள் போகப் பச்சையாகும். இலையின் நுனி அரசுக்கே உரிய நீண்ட வாலோடு இருப்பதால் தெருவில் நின்றே இனம் காண முடியும்.

செடியை விட்டுவிட்டு அதைச் சுற்றிப் பாருங்கள். நான் பார்க்கத் தொடங்கியபோது கன்றுக்குக் கீழே சுவரில் ஒரு முழ நீளத்துக்குப் பச்சைக் கறை வழிந்திருந்தது. அது பாசி. மேலே குழாயின் முட்டு கசிந்தது என்று அர்த்தம். கறையின் ஓரத்தில் பூச்சு உப்பி, சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்திருக்கிறது. கொத்தனாரைக் கேட்டால் 'ஓதம் ஏறியிருக்கு' என்பார். கன்றுக்கு நேர் மேலே கேபிள் கம்பிகள் இரண்டு குறுக்கே போகின்றன; சாயங்காலம் மைனாக்கள் அதில் வந்து உட்கார்கின்றன. சுவரில் வெள்ளைத் தாரைகள் அந்தக் கம்பிக்குக் கீழேதான் அதிகம். இரண்டு தெரு தள்ளி, பிள்ளையார் மேடையில் பெரிய அரசமரம் ஒன்று இருக்கிறது.

பாசி, ஓதம், கம்பி, மேடை மரம் ஆகிய நான்கும் இந்தக் கன்றின் பிறப்புக்குச் சாட்சிகள். ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

விதை வந்த வழி

அரசம்பழம் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரியது, பழுத்தால் கருஞ்சிவப்பு. மேடை மரம் பழுத்திருக்கும் நாட்களில் அதன் கீழே நின்றால் மைனா, குயில், கொண்டைக்குருவி, காகம், கிளைக்குள் மறைந்து 'டொக் டொக்' என்று குரல் கொடுக்கும் குக்குறுவான் எல்லாம் கூடியிருப்பதைக் காணலாம். இருட்டிய பிறகு முறை வௌவால்களுடையது.

தின்னும் எல்லாரும் விதை பரப்புவதில்லை. மாடப்புறாவின் இரைப்பை விதையை அரைத்துவிடும். கிளி அலகிலேயே நொறுக்கிவிடும். மைனாவும் குயிலும் கொண்டைக்குருவியும் பழச்சதையை மட்டும் செரித்துவிட்டு விதையை முழுசாக வெளியே விடுகின்றன. வௌவால் பழத்தை மென்று சாற்றை உறிஞ்சி, சக்கையைத் துப்பிவிடும். சாற்றோடு உள்ளே போன பொடி விதைகளைப் பறந்துகொண்டே எச்சமிடும். பறவையோ பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தில். இதனால்தான் கைப்பிடிச் சுவர் விளிம்பு, குழாய், கம்பிக்கு நேர் கீழே என்று பறவை உட்காரும் இடங்களை ஒட்டியே கன்றுகள் முளைக்கின்றன.

அரச விதை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அதைச் சுற்றி வழவழப்பான பசை. சுவரில் தலைமுடி அளவு வெடிப்பு இருந்தாலும் அதில் ஒட்டிக்கொள்ளும். வேப்பங்கொட்டை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம்; சன்ஷேடில் விழுந்தால் உருண்டு கீழே போகும், தங்கினாலும் சில வாரங்களில் முளைக்கும் திறனை இழக்கும். மாங்கொட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சில கன்றுகள் பறவை எச்சம் விழவே வாய்ப்பில்லாத செங்குத்துச் சுவரின் நடுவில் நிற்கும். அங்கே எறும்பைச் சந்தேகிக்க வேண்டும். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், நம் ஆலுக்கு உறவான சீன ஆலின் விதைகளைப் பறவை எச்சத்திலிருந்து எறும்புகள் பொறுக்கி எடுத்துப் போவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். விதையின் மேலுறையில் உள்ள கொழுப்புச்சத்துதான் எறும்புக்குக் கூலி. போகும் வழியில் சுவர் வெடிப்பில் நழுவிய விதை அங்கேயே முளைத்துவிடும்.

ஆனால் விதையைச் சின்னதாகச் செய்ததற்கு மரம் ஒரு விலை கொடுக்கிறது. மாங்கொட்டைக்குள் கன்றுக்கு வேண்டிய கட்டுச்சோறு இருக்கிறது. அரச விதைக்குள் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. முளைத்த உடனே வெயில் பட்டு, தன் உணவைத் தானே சமைக்க வேண்டும். அடர்ந்த காட்டின் தரையில், நிழலில், சருகுக்கு அடியில் அது செத்துப்போகும். ஆகவே இந்தக் குடும்பத்தின் பல இனங்கள் தரையை விட்டுவிட்டு மேலேயிருந்து வாழ்க்கையைத் தொடங்கப் பழகின. வேறொரு மரத்தின் கவட்டையில் முளைத்து, அங்கேயே சில காலம் பிழைத்து, மெல்ல வேரைக் கீழே இறக்கி மண்ணைப் பிடிப்பது அவற்றின் வழி. இப்படிப்பட்டவற்றைப் 'பாதித் தொற்றுமரம்' என்று சொல்லலாம்: வாழ்வின் முற்பாதி தொற்றிக்கொண்டு, பிற்பாதி மண்ணில்.

தென் மாவட்டங்களில் பேருந்தில் போனவர்கள் பனைமரத்தை ஆலோ அரசோ தழுவி நிற்பதைப் பார்த்திருப்பார்கள். பனைமட்டை உதிர்ந்த இடுக்கில் சேர்ந்த தூசியில் முளைத்த கன்று அது. அந்த விதைக்குப் பனையின் இடுக்கும் திருவல்லிக்கேணிச் சுவரின் வெடிப்பும் ஒன்றுதான். வெளிச்சம் உண்டு, போட்டி இல்லை, கொஞ்சம் ஈரம் தங்கும். நகரம் பிறப்பதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே சுவரில் வாழும் வித்தையை இவை கற்று வைத்திருந்தன. நாம்தான் பிற்பாடு வந்து சுவர் எழுப்பினோம்.

பழத்துக்குள் நடப்பது

இன்னும் ஒரு படி பின்னால் போவோம். விதை உருவாக மகரந்தச் சேர்க்கை நடந்திருக்க வேண்டும். அரசமரத்தில் பூவைப் பார்த்தவர் யாரும் இல்லை. பூக்கள் இருக்கின்றன, நூற்றுக்கணக்கில்; எல்லாம் நாம் காய் என்று நினைக்கும் உருண்டைக்குள்ளே, உட்புறம் நோக்கிப் பூத்திருக்கின்றன. வெளியிலிருந்து உள்ளே போக, உருண்டையின் நுனியில் செதில்களால் மூடிய ஒரு சிறு துளை மட்டும் உண்டு.

அந்தத் துளையில் நுழையக்கூடிய மகரந்தத் தூதர், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள குளவி. கொட்டுகிற குளவி அல்ல. கண்ணில் பட்டால் கொசுவின் குஞ்சு என்று நினைப்போம். ஆலுக்கு ஓர் இனம், அரசுக்கு வேறோர் இனம் என்று குளவிகளும் மரங்களும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று இணையாக அமைந்திருக்கின்றன. இந்த உறவின் வயதைக் காட்ட ஒரு சான்று: இங்கிலாந்தின் வைட் தீவில் கிடைத்த 3.4 கோடி ஆண்டுப் பழமையான அத்திக் குளவியின் புதைபடிவம், இன்றைய குளவிகளைப் போலவே இருக்கிறது.

பெண் குளவி வாசனையை வைத்துச் சரியான மரத்தைக் கண்டுபிடித்து, துளை வழியே நெருக்கியடித்து நுழைகிறது. துளை அவ்வளவு இறுக்கம். உள்ளே போகும்போது பெரும்பாலும் சிறகு பிய்ந்துவிடும். திரும்பி வர வழி இல்லை. உள்ளே குட்டையான சூல்தண்டு கொண்ட பூக்களில் முட்டையிடுகிறது. தான் பிறந்த மரத்திலிருந்து மார்பின் அடியிலுள்ள சிறு பைகளில் கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் தூவுகிறது. பிறகு அங்கேயே இறக்கிறது. முட்டை விழுந்த பூக்கள் குளவிக் குஞ்சுகளை வளர்க்கின்றன. முட்டைக்குழல் எட்டாத நீளத் தண்டுப் பூக்கள் விதையாகின்றன.

சில வாரங்களில் முதலில் ஆண் குளவிகள் வெளிப்படுகின்றன. அவற்றுக்குச் சிறகே கிடையாது. இன்னும் பூவறைக்குள் அடைபட்டிருக்கும் பெண்களோடு கூடி, பழத்தின் சுவரைக் கடித்து ஒரு சுரங்கம் தோண்டிவிட்டுச் செத்துப்போகின்றன. அதற்குள் ஆண் பூக்கள் மகரந்தத்தோடு முதிர்ந்திருக்கும். பெண் குளவிகள் பைகளை நிரப்பிக்கொண்டு அந்தச் சுரங்கம் வழியாக வெளியேறுகின்றன. பிறகுதான் உருண்டை பழுத்து, நிறம் மாறி, மைனாவை அழைக்கிறது. 'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்று பழமொழி சொன்னவர் நன்றாகத்தான் பார்த்திருக்கிறார். அந்தப் புழு இல்லாவிட்டால் பழத்தில் ஒரு விதைகூட முளைக்காது.

வெளியே வந்த பெண்ணுக்கு வாழ்நாள் ஓரிரு நாள். அதற்குள், சரியான பருவத்தில் காய்த்திருக்கும் வேறொரு அரசமரத்தை அடைய வேண்டும். நகரத்தின் எல்லா அரசுகளும் ஒரே மாதத்தில் காய்த்தால் குளவி இனமே அழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மரமும் தனக்கென ஒரு காலத்தில் காய்க்கிறது. உங்கள் தெருமுனை மரம் இலை மட்டும் தளதளத்து நிற்கும்போது நான்கு தெரு தள்ளி ஒன்று பழுத்திருக்கும். ஆண்டின் எந்த மாதத்திலும் பறவைகளுக்குப் பட்டினி இல்லாமல் போவது இதனால்தான். குளவி மிகச் சிறியதானாலும் காற்றில் ஏறிவிட்டால் நெடுந்தூரம் போகும். நமீபியாவின் வறண்ட ஆற்றங்கரையில் ஓர் அத்தி இனத்தின் குளவிகள் 160 கிலோமீட்டர் வரை மகரந்தத்தைச் சுமந்து போனதை மரபணுச் சோதனை மூலம் 2009-இல் உறுதி செய்தார்கள்.

குளவி இல்லாத ஊரில் என்ன ஆகும் என்பதற்கும் விடை உண்டு. ஃப்ளோரிடாவில் சீன ஆலை அழகுக்காகப் பல பத்தாண்டுகள் நட்டு வளர்த்தார்கள். மரம் செழித்தது, ஒரு கன்றுகூடத் தானாக முளைக்கவில்லை. பிறகு அதன் குளவி எப்படியோ வந்து சேர்ந்தது. அதன் பின்னரே கட்டடங்களின் வெடிப்புகளில் கன்றுகள் தென்பட ஆரம்பித்தன.

ஆக, திருவல்லிக்கேணிச் சுவரில் நிற்கும் அந்தச் சிறு கன்றைப் பார்த்தே சில விஷயங்களை அடித்துச் சொல்ல முடியும். பறவை ஒன்று பறக்கும் தொலைவுக்குள் ஒரு தாய்மரம் பழுத்திருந்தது. குளவி ஒன்று போய்ச் சேரும் தொலைவுக்குள் இன்னோர் அரசமரம் இருந்தது. இவ்வளவு புகையிலும் இரைச்சலிலும் அந்தக் குளவி உயிரோடு இருக்கிறது. எந்தக் கணக்கெடுப்பும் தராத செய்தி இது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நகரத்தின் மேல் நம்பிக்கை கூடுகிறது.

தண்ணீருக்கு என்ன வழி?

சுவர் காய்ந்ததாகத் தோன்றும். செங்கல் அப்படி இல்லை. நல்ல செங்கல்லே தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தண்ணீர் உறிஞ்சலாம் என்று இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. மூன்று கிலோ கல்லில் அரை லிட்டருக்கு மேல். பழைய சுண்ணாம்புக் காரை இன்னும் தாராளமாக ஈரம் பிடிக்கும். இதோடு குழாய்க் கசிவு, மாடித் தொட்டி நிரம்பி வழிவது, ஏசி பெட்டியிலிருந்து சொட்டும் நீர் எல்லாம் சேர்ந்தால், சுவருக்குள் ஒரு சிறு ஊற்று ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னைக் காற்றின் புழுக்கத்தில் ஏசியிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூட நீர் வடியும். கோடையிலும் வற்றாத பாசனம் அது.

கன்றும் தன் பங்குக்குச் சிக்கனமாக இருக்கிறது. தொற்றி வாழும் பருவத்தில் இந்த மரங்களின் இலை தடித்திருக்கும். காற்றும் நீராவியும் போய்வரும் இலைத்துளைகள் குறைவாக இருக்கும். கொஞ்சம் வறட்சி தட்டினாலே அவை மூடிக்கொள்ளும். வளர்ச்சி நின்றாலும் பரவாயில்லை, உயிர் தங்கட்டும் என்ற போக்கு. மண்ணைப் பிடித்த பிறகு முளைக்கும் இலைகள் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுவதில்லை. நான் பார்க்கும் கன்றின் அடித்தண்டு புடைத்திருப்பதும் சேமிப்புதான். நாற்றுப்பண்ணைகளில் உருளைக்கிழங்கு போன்ற வேரோடு விற்கும் சீன ஆல் போன்சாய்களிலும் இதே புடைப்பைக் காணலாம்.

அந்த வீட்டில் ஒரு கோடையில் குழாயைச் சரிசெய்தார்கள். பாசிக்கறை வெளுத்துப் பழுப்பானது. கன்று இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்து வெறுங்குச்சியாக நின்றது. செத்துவிட்டது என்றே தெருவில் எல்லாரும் நினைத்தோம். ஐப்பசி மழை பிடித்ததும் அடித்தண்டிலிருந்து செம்புநிறக் கொழுந்து வந்தது. முன்பிருந்ததைவிடச் சின்ன இலைகள், எண்ணிக்கையிலும் குறைவு. இப்போது மழையை மட்டும் நம்பி வாழ்கிறது.

இங்கே ஒரு நம்பிக்கையைத் திருத்திவிட வேண்டும். அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் தருகிறது என்று பலரும் உறுதியாகச் சொல்கிறார்கள். இலை ஆக்சிஜனை வெளியிட வெளிச்சம் வேண்டும். எந்த மரமானாலும் இருட்டில் அது நடக்காது. சில கள்ளி வகைகள் இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொள்வது உண்மை. அவையும் ஆக்சிஜனைப் பகலில்தான் தருகின்றன. அரசமரத்தைப் போற்ற அதன் குளவி ஒன்றே போதும். இல்லாத பெருமை தேவையில்லை.

வேரின் பலம்

சுவரைப் பிளப்பது வேர் என்று எல்லாரும் சொல்கிறோம். எப்படிப் பிளக்கிறது? மெல்லிய வேர்நுனி கல்லைத் துளைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் வெடிப்பில், ஈரம் உள்ள பக்கமாக நுழைகிறது. நுழைந்த பிறகு பருக்கிறது. அந்தப் பருமன்தான் ஆயுதம்.

வேரின் ஒவ்வொரு செல்லும் நீரை உறிஞ்சி விம்மி, தன் சுவரை வெளியே தள்ளுகிறது. இதற்கு விறைப்பழுத்தம் என்று பெயர். ஜெர்மன் தாவரவியலர் வில்ஹெல்ம் பிஃபெஃபர், வளரும் வேர்களைச் சுற்றி ஜிப்சம் சாந்தை வார்த்து அடைத்து, அவை தள்ளும் விசையை அளந்து 1893-இல் வெளியிட்டார். பிற்கால அளவீடுகளின்படி சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து முதல் பத்து கிலோ வரை வரும். ஆறு கிலோ என்றே வைத்துக்கொள்வோம். காரின் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் இரண்டரை மடங்கு அது.

இப்போது நம் கன்றின் ஒரு வேரை எடுத்துக்கொள்வோம். வெடிப்புக்குள் ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர் நீளம் ஓடியிருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுவரைத் தொட்டு அழுத்துகிறது. மொத்தம் 30 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொன்றிலும் ஆறு கிலோ. நூற்றெண்பது கிலோ விசை, இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில். சுண்ணாம்புக் காரையின் பிடிப்பைப் பிரிக்க இதில் பாதிகூட வேண்டாம். நல்ல கருங்கல்லை இந்த விசை ஒன்றும் செய்யாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சாந்துதான் தோற்கிறது. கோயில் கோபுரங்களில் குடமுழுக்குத் திருப்பணி தொடங்கியதும் முதலில் சுதைச் சிற்பங்களுக்கு இடையிலுள்ள செடிகளைக் களைகிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

ஒரு வேர் தரைமண்ணைத் தொட்டுவிட்டால் சிக்கனப் பருவம் முடிந்தது. ஹாங்காங்கின் பழைய கல் தடுப்புச் சுவர்களில் இப்படி முழு மரமான சீன ஆல்கள் வரிசையாக நிற்கின்றன; வேர்கள் கல்லிடுக்குகளை வலைபோல் பின்னிக் கீழிறங்கியிருக்கின்றன. கென்னடி டவுன் பகுதியில் 2014-இல் திறந்த மெட்ரோ நிலையத்தைக் கட்டும்போது ஃபோர்ப்ஸ் தெருவின் சுவர்மரங்களைக் காப்பாற்றும்படி வேலையை அமைத்துக்கொண்டார்கள். கனத்த கற்சுவரும் பின்னால் மண்ணும் இருப்பதால் அங்கே அது முடிந்தது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு அந்தத் தெம்பு கிடையாது. வீட்டுச் சுவரில் அரசை வளரவிடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

வெட்டினால் போதாதா?

போதாது. மேலே ஒடித்துவிட்டால் புடைத்த அடித்தண்டிலிருந்து இரண்டு மூன்று கிளைகளாகத் திரும்பத் துளிர்க்கும். வேர் உள்ளே பருத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஒடிக்கிற வீடுகளில் சுவர் மெல்லச் சீரழிவதையும் வெடிப்பு நீள்வதையும் பார்க்கலாம். ஆசிட் ஊற்றுகிறவர்கள் சுண்ணாம்பையும் சேர்த்துக் கரைத்து, அடுத்த விதைக்கு இடம் செய்து கொடுக்கிறார்கள்.

நான்கைந்து இலை விட்ட பருவத்தில் வேர் இன்னும் பூச்சுக்குள்தான் இருக்கும். நல்ல மழை பெய்த மறுநாள் சுவர் ஊறியிருக்கும்போது, சுற்றியுள்ள பூச்சை உளியால் லேசாகக் கொத்தி, புடைத்த அடிப்பாகத்தோடு முழுசாக எடுக்க முடியும். அரசை வெட்ட மனம் வராதவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு இதுவே வழி. எடுத்த கன்றை ஈரச்சாக்கில் சுற்றி, மணலும் மண்ணும் கலந்த பையில் நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். பிறகு ஏரிக்கரை, குளக்கரை, பள்ளி மைதானத்து மூலை என்று கட்டடமும் குழாயும் இல்லாத, உரிமையாளர் சம்மதித்த இடமாகப் பார்த்து நட வேண்டும். சுவரில் கஞ்சத்தனமாகப் பிழைத்த கன்று மண்ணில் வளரும் வேகத்தைப் பார்த்து நட்டவர்கள் வியந்துபோவார்கள்.

கொத்தனாரைக் கூப்பிடும்போது வேலையின் வரிசையைச் சொல்லிவிடுங்கள். முதலில் கசியும் குழாய் முட்டு. அடுத்து வேர். சுவர் நன்றாக உலர்ந்த பிறகு வெடிப்பை அடைத்துப் பூச்சு. பெயின்ட் கடைசியில். கசிவை விட்டுவிட்டுப் பெயின்ட் அடித்தால், பாசிக்கறை மறுபடி இறங்கும். மேடை மரம் அடுத்த முறை பழுக்கும்போது மைனாக்கள் அதே கம்பியில்தான் வந்து உட்காரும்.